பையைக் குலுக்கியது யார்?

அந்த அம்மாளுக்குப் பாதி வாக்கியம்தான் பேச வரும். மீதியைக் கேட்கிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். "அதை எடுத்து அங்க வச்சிடுங்க" என்பார். எதை, எங்கே என்று கேட்டுவிட்டால் போச்சு, மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "கண்ணு முன்னாடி இருக்கறதைக்கூட வாய் விட்டுச் சொல்லணுமா?" என்பார். கண் முன்னால் ஒரு குடை, ஒரு வாளி, பழைய செய்தித்தாள் கட்டு, நாத்தனாரின் செருப்பு எல்லாம் கிடக்கும். அவருடைய கணவர் மட்டும் பேசாமல் எழுந்துபோய்க் குடையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வருவார். குடைதான் என்று எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்டால், "வேற எதைச் சொல்லப்போறா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

இப்படிப் பேசுகிற மனுஷி பார்க்கிற வேலை என்ன தெரியுமா? மொழிபெயர்ப்பு. அதிலும் புள்ளியியல் சொற்களை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிற வேலை. ஒரு கமா இடம் மாறினால் ஒரு மாவட்டத்து ஜனம் காணாமல் போய்விடும். ஆண்டவன் யாருக்கு எந்த வேலையைக் கொடுப்பான் என்று சொல்லவே முடியாது.

தெருவில் அவருக்குப் பெயர் கணக்கு டீச்சர். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. குடிவந்த புதிதில் எதிர்வீட்டு அம்மாள் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டதற்கு, பொறுமையாக, முழு வாக்கியத்திலேயே பதில் சொல்லிப் பார்த்தார். எதிர்வீட்டு அம்மாள் கேட்டு முடித்து, "ஓ, கணக்கு டீச்சரா" என்றார். அதோடு முடிந்தது. நாமும் டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஸ்பானிஷ் படித்ததும் ஆசைப்பட்டு அல்ல. தட்டச்சு வகுப்பில் சேரப் போனார். இடமில்லை. பக்கத்து அறையில் ஸ்பானிஷ் வகுப்பு காற்றாடிக் கிடந்தது. கட்டக் கொண்டுபோன பணத்தை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகக் கூச்சப்பட்டு அங்கே உட்கார்ந்துவிட்டார். புள்ளியியலும் அப்படித்தான் தலையில் விழுந்தது. மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் சேர்ந்த அன்று கதை, கடிதம், விளம்பரம் எல்லாவற்றையும் மற்றவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது மீன்பிடி அட்டவணை. அதை ஒருவரும் தொடவில்லை, டீச்சர் தொட்டார். ஆரம்பத்தில் சறுக்கவும் செய்தார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையில், சராசரியாக எவ்வளவு வரும் என்பதற்கான ஸ்பானிஷ் சொல்லை அப்படியே 'கணித நம்பிக்கை' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் அவர்களே கூப்பிட்டார்கள். "அம்மா, நாங்க நம்பிக்கையில கம்பெனி நடத்தல. எங்ககிட்ட இருக்கறது எதிர்பார்ப்பு மட்டும்தான்" என்றார்கள். அன்றிலிருந்து டீச்சர் எந்தச் சொல்லையும் அகராதி சொல்கிறதே என்று நம்பி எழுதியதில்லை.

கணவரும் அதே நிறுவனத்தில்தான் வேலை. கல்யாணமே அங்கே பார்த்துப் பழகி நடந்ததுதான். அவர் வேலை தலைகீழானது. டீச்சர் ஆங்கிலமாக்கியதை, ஸ்பானிஷ் மூலத்தைக் கண்ணால் பார்க்காமல், மறுபடி ஸ்பானிஷாக்க வேண்டும். பிறகு மூலத்தையும் அவர் திருப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் நடுவிலிருக்கும் ஆங்கிலம் சரி. ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ ஓட்டை. ஆபீஸில் டீச்சருக்குப் போக்கு என்று பெயர், கணவருக்கு வரவு என்று பெயர். நிறுவனத்தின் முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் இருவருக்கும் நடுவில் ஓர் இரும்பு அலமாரியை நிறுத்தி, டீச்சர் முடித்ததும் மூலத்தை அதற்குள் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வார். "வீட்ல சாப்பாட்டு மேஜையில வேலையைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது" என்பது மேடத்தின் கட்டளை. இருவரும் அதை மீறியதே இல்லை. வேலையைப் பற்றிப் பேசாமல் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசியே வருஷங்களை ஓட்டிவிட்டார்கள்.

இந்த வேலையில் இவ்வளவு காலம் உழைத்தும் டீச்சரின் பெயர் எங்கேயும் அச்சில் வந்ததில்லை. மீன், சாலை விபத்து, மழை, பிறப்பு இறப்பு என்று எத்தனையோ அறிக்கைகள். ஒன்றிலும் மொழிபெயர்த்தது யார் என்று போடவில்லை. அவருடைய அக்கா டாக்டர். அக்கா வீட்டு வாசலில் அக்கா பெயர் பித்தளையில் மின்னும். டீச்சர் வீட்டுக் கடிதப் பெட்டியில் இன்னும் முன்பு குடியிருந்தவர் பெயர்தான் இருக்கிறது. அக்கா வரும்போதெல்லாம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னும் அந்த டைப்பிங் வேலைதானாடி?" என்று கேட்பார். தட்டச்சு வகுப்பில் இடம் கிடைக்காத கதையை எத்தனை முறை சொன்னாலும் அக்கா மண்டையில் ஏறாது.

இந்த நிலைமையில்தான் அந்தச் சொற்களஞ்சியம் வந்தது. புள்ளியியல் சொற்கள் அத்தனைக்கும் விளக்கம், உதாரணத்தோடு, தலையணை பருமனுக்கு ஒரு புத்தகம். கொடுத்தது ஒரு பெரிய புள்ளிவிவர நிறுவனம். முதல் பக்கத்தில் ஆங்கிலமாக்கியவர் பெயர் அச்சாகும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. டீச்சர் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் தன் பெயரை இனிஷியலோடு ஒருமுறையும் இனிஷியல் இல்லாமல் ஒருமுறையும் எழுதிப் பார்த்ததை நாத்தனார் பார்த்துவிட்டாள்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது. போக்கும் வரவும் ஒருவரையொருவர் சாராதவர்களாக இருக்க வேண்டும். இல்லையென்று தெரிந்தால் மொத்தமும் தள்ளுபடி. இருவரும் புருஷன் பெண்சாதி என்பதை மேடம் எழுதவில்லை. "கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில்?" என்றார்.

வேலை பாதியில் இருக்கும்போது ஆபீஸ் கணக்காளர் ஓய்வுபெற்றார். வழியனுப்பு விழாவில் கணக்காளரின் மைத்துனர், "நீங்க ரெண்டு பேரும் ஒரே வேலையா?" என்று டீச்சரின் கணவரைக் கேட்டார். அந்த மனுஷன் வாயில் இருந்த கேக்கை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"அவ எழுதுவா. நான் சரிபார்ப்பேன்."

நுணலும் தன் வாயால் கெடும். வேறு எந்தத் தொழிலிலும் இது சாதாரணப் பேச்சு. இந்தத் தொழிலில் இது அவமானம். திருப்புகிறவர் சரிபார்ப்பவர் அல்ல. சரிபார்க்கவே கூடாது. ஆங்கிலத்தில் தப்பு இருந்தால் தப்பை அப்படியே ஸ்பானிஷுக்குக் கொண்டுபோக வேண்டும், அப்போதுதான் அது வெளியே தெரியும். இவ்வளவு காலம் அந்த வேலையைப் பார்த்தவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். புது ஆள் முன்னால் கொஞ்சம் உயரமாகத் தெரிய ஆசைப்பட்டுவிட்டார். டீச்சர் கையிலிருந்த காகிதக் கப்பை மேஜையில் வைத்தார். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும், "நான் அப்படி என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று அவர் கேட்டார்.

"நான் சொல்றது உங்களுக்கு என்னைக்குப் புரிஞ்சிருக்கு?" என்றார் டீச்சர்.

அதுதான் கடைசிப் பேச்சு. அதன் பிறகு இருவருக்கும் நடுவில் வீட்டிலும் ஓர் இரும்பு அலமாரி வந்து நின்றுவிட்டது.

கணவரின் தங்கை மாடியில் குடியிருக்கிறாள். பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களிடம் பேசிப் பழகியவள், பதில் வராவிட்டாலும் கவலைப்பட மாட்டாள். தூது வேலை அவள் தலையில் விழுந்தது.

"உங்க அண்ணிகிட்ட சொல்லு, மோட்டார் ரிப்பேர்க்காரன் வர்றான், அந்த மகராசி கொஞ்சம் கதவைத் திறந்தா போதும்னு" என்பார் அண்ணன், அடுத்த அறையிலிருந்து, அண்ணிக்கு நன்றாகக் கேட்கும்படி.

"அண்ணி, மோட்டார் ரிப்பேர்க்காரர் வராராம். கொஞ்சம் பாத்துக்கறீங்களான்னு அண்ணா கேக்குறாரு" என்பாள் நாத்தனார்.

"கதவைத் திறக்கறதுல நான் எதாவது தப்பு விட்டா உங்க அண்ணன் வந்து சரிபார்ப்பாரான்னு கேளு."

"சரின்னு சொல்லிட்டாங்க அண்ணா."

இந்த மொழிபெயர்ப்பைத் திருப்பிப் பார்க்க ஆளில்லாததால்தான் குடும்பம் ஓடியது.

மற்றபடி வீட்டில் எல்லாம் நடந்தது. துணி காய்ந்தது, சமையல் நடந்தது. டீச்சருக்கு நாள்பட்ட நெஞ்செரிச்சல். அதற்கு ஒரு மருந்து, பால் மாதிரி வெள்ளையாக, சிவப்பு மூடி போட்ட பாட்டிலில். சாப்பாட்டு நேரத்துக்கு அந்தப் பாட்டில் மேஜைக்கு வந்துவிடும். யார் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று டீச்சர் யோசித்ததே இல்லை. பாட்டில் இருக்கும் இடமே மேஜைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கரண்டி குடித்துவிட்டு எழுந்து போவார்.

விஷயம் ஆபீஸுக்குத் தெரிந்தபோது மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "நல்லதா போச்சு. வேலை முடியற வரைக்கும் இப்படியே இருங்க" என்றார். பேசாத இரண்டு பேர் சேர்ந்து அந்தத் தலையணையை முடித்துக் கொடுத்தார்கள். புள்ளிவிவர நிறுவனத்திலிருந்து அதைப் பரிசோதிக்க ஒரு நிபுணர் நியமிக்கப்பட்டார். கொஞ்ச நாளில் அவரிடமிருந்து மேடத்துக்குப் போன் வந்தது. மூன்று பேரையும் நேரில் பார்க்க வேண்டும் என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

நிபுணர் இளவயசுக்காரர். சீவிய பென்சில்களைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு வந்தார். மேடம் உபசாரமாக, "கொஞ்சம் டீ சாப்பிடுங்க சார்" என்றார்.

"எவ்வளவு கொஞ்சம்?" என்று கேட்டார் நிபுணர். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

பிறகு இரண்டு தாள்களை மேஜையில் போட்டார். புத்தகத்தின் பின்பாதியில், பேச்சு நின்ற பிறகு செய்த பக்கம்; சமவாய்ப்பு முறையில் மாதிரி எடுப்பது எப்படி என்பதற்கான உதாரணம். மூலத்தில் இப்படி இருந்தது: ஒரு பையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பந்துகள். ஒன்றை எடு, நிறத்தைக் குறித்துக்கொள், பையில் திரும்பப் போடு, பையை நன்றாகக் குலுக்கு, அடுத்ததை எடு. டீச்சரின் ஆங்கிலத்தில் எல்லாம் இருந்தது. குலுக்குவது மட்டும் இல்லை. விட்டுவிட்டார். ஆனால் கணவர் திருப்பிய ஸ்பானிஷில், பையை நன்றாகக் குலுக்கு என்று கச்சிதமாக இருந்தது.

"ஆங்கிலத்துல இல்லாத குலுக்கல் எங்கிருந்து வந்தது?" என்றார் நிபுணர். "குலுக்கலாவது யூகிச்சிருக்கலாம். 'நன்றாக' எங்கிருந்து வந்தது?"

கணவர் காது மடலைத் தேய்த்துக்கொண்டார். "தெரியல சார். வந்துடுச்சு."

"ஒண்ணு நீங்க மூலத்தைப் பாத்திருக்கணும். இல்லன்னா இவங்க உங்ககிட்ட சொல்லியிருக்கணும். எதுவா இருந்தாலும் புத்தகம் தள்ளுபடி. வேற ஆட்களை வச்சு முதல்லேருந்து செய்வோம். இவங்க பேர் வராது."

டீச்சருக்கு அந்த மளிகைச் சீட்டு ஞாபகம் வந்தது. சொல்லப்போனால் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆனால் பேச்சு விட்ட புருஷன் முன்னால் அழுவதா என்று அடக்கிக்கொண்டார்.

மேடம் பதறிப்போய் உதவிக்கு வந்தார். அவர் உதவிக்கு வராமலே இருந்திருக்கலாம். "சார், இவங்க எப்படி சார் சொல்லியிருக்க முடியும்? இவங்க ரெண்டு பேரும் மூணு மாசமா பேசிக்கிறதே இல்ல."

"ஒரே ஆபீஸ்ல இருந்துக்கிட்டா?"

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு சார்."

நிபுணரின் பென்சில் நின்றது. மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டார். கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பியாகிவிட்டது, இனி மூடவா முடியும்? கணவன் மனைவி என்று மென்று விழுங்கிச் சொன்னார்.

"கணவன் மனைவி. ஆனா பேசிக்கிறதில்ல" என்று நிபுணர் எழுதிக்கொண்டார். "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. இது வழக்கமா நடக்கறதா?"

"கொஞ்சம் வழக்கம்தான் சார்."

"எவ்வளவு கொஞ்சம்?"

பேசிக்கொள்ளவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார். நாத்தனாருக்குப் போன் போட்டார்கள். பின்னணியில் பல் துளைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவள், "சத்தியமா பேசல சார். நான்தான் சார் நடுவுல. எனக்கு நாக்கே தேஞ்சுபோச்சு" என்றாள்.

"அவங்க சொல்றதை நீங்க அப்படியே கொண்டுபோய்ச் சொல்வீங்களா?"

"அப்படியே சொன்னா குடும்பம் நடக்குமா சார்? நல்லா வாயைத் திறங்க. உங்களை இல்ல சார், இங்க ஒருத்தரைச் சொன்னேன்."

பேச்சு இல்லை என்பது முடிவானது. அலமாரிச் சாவி மேடத்தின் பையைவிட்டு நகர்ந்ததில்லை என்பதும் முடிவானது. அப்புறம் குலுக்கல் எங்கிருந்து வந்தது? நிபுணர் மறுபடி கேட்டார். கணவர் மறுபடி காது மடலைத் தேய்த்தார், மறுபடி தெரியாது என்றார். நிபுணர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று அர்த்தம்.

டீச்சர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "மேடம், அவருக்குத் தெரியும். தெரியாத விஷயத்துக்கு அவர் காதைத் தேய்க்க மாட்டார். தெரிஞ்சதை மறைச்சாதான் தேய்ப்பார். சொல்லச் சொல்லுங்க."

கணவரும் மேடத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "சொன்னா, சரிபார்க்கறேன்னு ஆயிடும் மேடம். ஏற்கெனவே அந்த ஒரு வார்த்தைக்கு மூணு மாசம் அனுபவிச்சுட்டேன்."

"பரவால்லன்னு சொல்லுங்க மேடம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், இவ பாதிதான் பேசுவா. தனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு மீதியை விட்டுடுவா. குறிப்பா, குலுக்கவே மாட்டா."

"என்னத்தைக் குலுக்க மாட்டாங்க?"

"நெஞ்செரிச்சல் மருந்தை. அது அடியில தங்கிடும் சார். குலுக்காம குடிச்சா வெறும் தண்ணிதான் உள்ள போகும். கல்யாணம் ஆனதுலேருந்து நான்தான் சாப்பிடறதுக்கு முன்னாடி குலுக்கி மேஜையில வைக்கிறேன். அன்னைக்கு, பையில பந்தைப் போடுன்னு படிச்சேன். இவ குலுக்கியிருக்க மாட்டாளேன்னு தோணுச்சு. கை தானா எழுதிடுச்சு."

"'நன்றாக'?"

"பாட்டில்ல அப்படித்தான் சார் போட்டிருக்கும்."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சருக்குக் காதுவரை சுட்டது. புளுகுகிறார், தப்பிப்பதற்காக என் வயிற்றை ஊர் முன்னால் இழுக்கிறார் என்று நினைத்தார். "என் மருந்தை நான்தான் குடிக்கிறேன்" என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல்.

"குடிக்கறது அவங்கதான் மேடம். இல்லன்னு சொல்லல."

நிபுணருக்கு இதில் சிரிப்பு ஒன்றும் தெரியவில்லை. "ஆங்கிலத்துல விட்டுப்போயிருந்தா, விட்டுப்போன மாதிரியே நீங்க திருப்பியிருக்கணும். தப்புன்னு தெரிஞ்சும் ஏன் சரியா போட்டீங்க?"

"தப்புன்னே தெரியல சார்" என்றார் கணவர். "இவ என்ன சொல்ல வரான்னு தெரிஞ்சுது. அதை எழுதினேன்."

நிபுணர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். திருட்டு இல்லை. ஆனால் திருட்டே இருந்திருந்தால் அவருக்கு வேலை குறைவு. திருட்டு என்றால் ஓரிரு பக்கத்தோடு போகும், இந்த வியாதியோ எல்லாப் பக்கத்திலும் இருக்கும். வாயைத் தைத்து வைத்தாலும் இவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள் ஆகமாட்டார்கள். ஆகவே கணவர் திருப்பியது முழுவதும் குப்பைக்கு. டீச்சரை முன்பின் தெரியாத ஒருவர் முதலிலிருந்து திருப்புவார். அவர் எங்கெங்கே திணறுகிறாரோ அங்கெல்லாம் டீச்சர் ஆங்கிலத்தைத் திருத்த வேண்டும். திருத்திக் கொடுத்தால் பெயர் வரும்.

"திருத்தறேன்" என்றார் டீச்சர். அதுவும் பாதி வாக்கியம்தான்.

மறுநாள் ராத்திரி டீச்சர் சாப்பிட உட்கார்ந்தபோது பாட்டில் மேஜையில் இருந்தது. குனிந்து பார்த்தார். சிவப்பு மூடிக்குக் கீழே, கழுத்தில், நுரை. இவ்வளவு காலம் புள்ளியியலோடு குடித்தனம் நடத்தியவர் ஒரு நுரையை நம்பிவிடுவாரா? ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் சில வேளைகள் பார்த்தார். எல்லா வேளையும் நுரை. கடைசியில், துணி மடிப்பதுபோல் உள்ளறையில் நின்று கதவு இடுக்கு வழியாகப் பார்த்தார். கணவர் வந்தார். புத்தக வேலை போன கடுப்பும் மூன்று மாதத்துக் கோபமும் முகத்தில் அப்படியே இருந்தன. பாட்டிலை எடுத்தார், மூடியை இறுக்கினார். அந்தக் கோபத்தையெல்லாம் பாட்டிலில் காட்டுகிறவர் மாதிரி குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பிறகு, மேஜை சத்தம் போடாதபடி மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

டீச்சர் போய்ப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். பயன்படுத்துமுன் நன்றாகக் குலுக்கவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்புவரை படிக்கிற மனுஷி, தினமும் கையில் எடுக்கிற பாட்டிலை இன்றைக்குத்தான் படிக்கிறார். வெட்கமாக இருந்தது. என்னைக்குப் புரிஞ்சிருக்கு என்று அந்த மனுஷனைக் கேட்டோமே என்று நினைத்தபோது நெஞ்சை அடைத்தது. அது நெஞ்செரிச்சல் இல்லை.

அவர் ஒன்று செய்தார். பாட்டிலைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கணவர் சாப்பிட வந்தார். நாத்தனார் தூது வேலைக்குத் தயாராக நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க" என்றார் டீச்சர்.

கணவர் தங்கையைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க. எனக்கும் வேலை போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றாள் அவள்.

"அலமாரியில மேல் தட்டுல, சிவப்பு மூடி போட்ட என் நெஞ்செரிச்சல் மருந்து பாட்டில் இருக்கு. அதை எடுத்து, மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்து, நல்லா குலுக்கி, என் கையில குடுக்கறீங்களா?"

கல்யாணமானதிலிருந்து அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கணவர் எழுந்து போய் எடுத்துவந்தார். "எதுக்கு இவ்வளவு நீட்டி முழக்கறே?" என்றார்.

"இனிமே அப்படித்தான். புது ஆளுக்குப் புரியணும்ல."

அவர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே நின்றார். ஏற்கெனவே குலுக்கியதுதான்.

"நான் புது ஆள் இல்லியே" என்றார்.

நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

புது ஆளிடமிருந்து தாள்கள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. பக்கத்துக்குப் பக்கம் கேள்வி. எதை? எங்கே? யார்? எடுத்த பிறகு என்ன செய்வது? ஒவ்வொன்றையும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சர் மீதி வாக்கியங்களை எழுதினார். புத்தகம் இரண்டு தலையணை பருமன் ஆனது. கணவருக்கு மேடம் சாலை விபத்து அட்டவணைகளைக் கொடுத்தார். அவை வேறொருவர் ஆங்கிலமாக்கியவை. "ஒரு வரியும் புரியல" என்று தினமும் புலம்பினார். மேடம் மிகவும் திருப்திப்பட்டார்.

புத்தகம் அச்சாகி வீட்டுக்கு வந்த அன்று டீச்சர் முதல் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் இருந்தது, இனிஷியலோடு. ஆனந்தமாக இருந்தது, பொய் சொல்வானேன். அன்று சாயங்காலம் அக்கா வருவதாகச் சொல்லியிருந்தார். டீச்சர் புத்தகத்தைக் கணவரிடம் நீட்டினார்.

"இதை அங்க வச்சிடுங்க" என்றார்.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டுபோய், அக்கா வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே, முதல் பக்கம் தெரியும்படி திறந்து வைத்துவிட்டு வந்தார்.